நெல்லுப் பணமும் ஆன்லைன் கடையும்: எதில் காசு கட்டுவது?

குறுவை அறுப்பும் தீபாவளித் தள்ளுபடியும் டெல்டாவில் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வருகின்றன. கொள்முதல் நிலையத்தில் மூட்டை போட்ட பணம் வங்கிக் கணக்கில் விழும் அதே வாரத்தில், போனைத் திறந்தால் மிக்ஸி பாதி விலை, டிவி கால் விலை. ஏமாற்றுகிறவர்களும் நம் சாகுபடிப் பட்டத்தைப் பார்த்துத்தான் வலை போடுகிறார்களோ என்று சில சமயம் தோன்றும்.

போன வருடம் அப்படி ஒரு வாரத்தில் எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்குப் பணம் போனது. எனக்கு 18,400 ரூபாய், என் மச்சானுக்கு 16,000 ரூபாய். எனக்கு முழுசாகத் திரும்பி வந்தது. அவருக்கு 4,200 வந்தது, அதுவும் அலையாய் அலைந்த பிறகு. நான் கும்பகோணத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவன், அவர் வலங்கைமான் பக்கம் ஆறு ஏக்கர் பார்க்கிறவர். அதனால் எனக்கு விவரம் அதிகம் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். அது உண்மை இல்லை. நான் தப்பித்ததற்குக் காரணம், போனது என் பணம் இல்லை என்பதுதான்.

என் கதை சுருக்கமானது. ராத்திரி இரண்டு மணிக்கு மேல் கிரெடிட் கார்டில் இரண்டு முறை பணம் எடுத்ததாகக் குறுஞ்செய்தி. ஏதோ ஒரு வெளிநாட்டுத் தளம், தொகை டாலரில். ஓடிபி எதுவும் வரவில்லை. உள்நாட்டுத் தளங்களில் கார்டு போட்டால் ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் கார்டு எண்ணும் பின்பக்க மூன்று இலக்கமும் இருந்தாலே போதும், பணம் போய்விடும். எப்போதோ ஒரு சந்தாவுக்காக வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைத்தவன் மூட மறந்திருந்தேன். காலையில் பார்த்ததும் வங்கியின் செயலியிலேயே கார்டை முடக்கி, கார்டின் பின்னால் அச்சிட்டிருந்த எண்ணுக்குப் போன் போட்டு, புகார் எண் வாங்கிக்கொண்டேன்.

மச்சான் கதை வேறு மாதிரி. தங்கை பெண் கல்யாணத்துக்கு நான்கு பட்டுச் சேலை தேவைப்பட்டது. இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம், ‘நெசவாளரிடமிருந்து நேரடியாக, திருபுவனம் பட்டு, ஒன்று நாலாயிரம்’ என்று போட்டிருந்தது. அவர்கள் அனுப்பிய க்யூஆரை ஸ்கேன் செய்து, யுபிஐ பின்னைத் தானே அழுத்தி, 16,000 அனுப்பினார். ஐந்து நாள் பார்சலுக்காகக் காத்திருந்தார். ஆறாம் நாள் அந்தப் பக்கமே காணாமல் போயிருந்தது. இதில் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் ஒன்று உண்டு. வலங்கைமானில் பஸ் ஏறினால் கும்பகோணம், அங்கிருந்து இன்னொரு பஸ் ஏறினால் திருபுவனம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பட்டு அது. நெய்கிற ஊர் கூப்பிடு தூரத்தில் இருக்க, எங்கிருந்தோ வரும் பார்சலுக்குப் பணம் கட்டியிருக்கிறார். அசல் சரிகைப் பட்டு நாலாயிரத்துக்கு வருமா என்று அக்காவாவது கேட்டிருக்கலாம். சரி, விடுங்கள்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். ஆன்லைனில் எதில் பணம் கட்டலாம் என்று ஒப்பிடும்போது எல்லோரும் கேஷ்பேக் எவ்வளவு, ஓடிபி வருமா, எது சுலபம் என்று பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, தகராறு நடக்கிற அந்த இரண்டு மூன்று மாதமும் யாருடைய பணம் முடங்கிக் கிடக்கும் என்பதை.

கிரெடிட் கார்டில் முடங்குவது வங்கியின் பணம். என் 18,400 பில்லில் ஏறியதே தவிர, என் கணக்கிலிருந்து ஒரு ரூபாயும் போகவில்லை. மோசடி என்று புகார் கொடுத்த தொகைக்கு, தகராறு தீரும்வரை வட்டியோ அபராதமோ போடக்கூடாது என்பது 2022-ல் ரிசர்வ் வங்கி கார்டுகளுக்காகக் கொடுத்த வழிமுறைகளில் இருக்கிறது. எனக்குப் பத்து வேலை நாளுக்குள் தற்காலிகமாக வரவு வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து விவகாரம் முடிந்ததாகக் கடிதம் வந்தது. நடுவில் வீட்டுச் செலவு எதுவும் நிற்கவில்லை.

டெபிட் கார்டுக்கும் சட்டம் ஒன்றுதான், இதைப் பலர் அறிவதில்லை. 2017 ஜூலையில் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாவது ஆள் செய்த திருட்டு என்றால், வங்கியிலிருந்து தகவல் வந்த நாளை விட்டு மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டமே கிடையாது. நான்காம் நாளிலிருந்து ஏழாம் நாள்வரை சொன்னால் உங்கள் தலையில் விழுவதற்கு ஒரு உச்சவரம்பு உண்டு. ஜன் தன் மாதிரி அடிப்படைக் கணக்கு என்றால் 5,000, சாதாரண சேமிப்புக் கணக்குக்கும் 5 லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கும் 10,000. அதற்கு மேல் தாமதித்தால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. பத்து வேலை நாளுக்குள் தற்காலிக வரவு, 90 நாளுக்குள் முடிவு, தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் வங்கிக்கே. காகிதத்தில் இரண்டு கார்டும் சமம்.

நடைமுறையில் சமம் இல்லை. டெபிட் கார்டில் போவது கணக்கில் இருக்கிற நம் பணம், அந்தப் பத்து வேலை நாளும் அது இருக்காது. சம்பா நடவுக்கு ஆள் கூலி கொடுக்க வேண்டிய வாரத்தில் பத்து வேலை நாள் என்றால் என்ன என்று விவசாயிக்குத்தான் தெரியும். டெல்டாவில் இதற்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இங்கே பல வீடுகளில் கணக்கே ஒன்றுதான். கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லின் பணம், பிஎம் கிசான் 2,000, மகன் திருப்பூரிலிருந்து அனுப்புவது, நகை அடகு வைத்தது எல்லாம் அதே கணக்கில் விழும். அதே கணக்கின் டெபிட் கார்டைத்தான் பேரன் ஷூ வாங்கக் கொடுக்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025-26 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்குத் தமிழ்நாட்டில் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். நாற்பது கிலோ மூட்டை நூறு போட்டால் சரியாக ஒரு லட்சம். யுபிஐயில் பொதுவாக ஒரு நாளைக்கு அனுப்பக்கூடிய உச்சவரம்பும் ஒரு லட்சம். பின் நம்பர் ஒன்று கை மாறினால் நூறு மூட்டை நெல் ஒரே நாளில் போய்விடும்.

இந்த இடத்தில் ஒரு பெயர்க் குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் ‘கிரெடிட் கார்டு இருக்கிறது’ என்று ஒரு விவசாயி சொன்னால், பாதி நேரம் அவர் சொல்வது கிசான் கிரெடிட் கார்டை. அது பயிர்க்கடன் கணக்கு. கையில் இருக்கும் அட்டை ஏடிஎம் கார்டு போலத்தான் வேலை செய்யும். மூன்று லட்சம் வரை 7 சதவீத வட்டி, கெடுவுக்குள் கட்டினால் 4 சதவீதம் என்று அரசு மானியத்தோடு கிடைக்கும் கடன் அது. அந்த அட்டையை ஆன்லைன் கடையில் போடவே போடாதீர்கள். திருட்டுப் போனால் போவது கடன் வாங்கிய பணம்.

யுபிஐக்கு வருவோம். அன்றாடத்துக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை. டீக்கடை, உரக்கடை, பஸ் ஸ்டாண்ட் பூக்கடை எல்லாவற்றுக்கும் சரி. ஆனால் முகம் தெரியாத ஆளிடம் முன்பணம் கட்டுவதற்கு நான் பார்த்ததில் ஆக மோசமான வழி இதுதான். காரணம் தொழில்நுட்பம் இல்லை. நீங்களே பின்னை அழுத்தி அனுப்பியதால் வங்கியின் பார்வையில் அது நீங்கள் ஒப்புக்கொண்ட பரிவர்த்தனை. மேலே சொன்ன மூன்று நாள் விதி இங்கே துணைக்கு வராது. மச்சான் வங்கிக் கிளைக்குப் போனபோது கவுன்ட்டரில் இருந்தவர் கேட்டது ஒரே கேள்வி:

“பின்னை யாரு சார் போட்டது?”

“நான்தான் போட்டேன்.”

அத்தோடு பேச்சு முடிந்தது. கடுப்பாக இருந்தாலும் விதிப்படி அவர் கேட்டது சரிதான்.

யுபிஐயில் பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. அனுப்புவதற்கு மட்டும்தான் தேவை. ‘ரீஃபண்ட் வந்திருக்கு, பின்னை அழுத்துங்க’ என்று யார் சொன்னாலும் அது திருட்டு. தனிநபர் ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை வசதியை 2025 அக்டோபர் முதல் நிறுத்திவிட்டார்கள். அந்த ஒரு கதவு மூடியது நல்லது. க்யூஆர் அனுப்பி ஏமாற்றும் கதவு இன்னும் திறந்தே இருக்கிறது.

கிரெடிட் கார்டில் இதற்கும் ஒரு வழி உண்டு. பொருள் வரவில்லை, வந்தது வேறு பொருள் என்றால், நீங்களே ஓடிபி போட்டிருந்தாலும் வங்கியிடம் ‘சார்ஜ்பேக்’ கேட்கலாம். கார்டு நிறுவனத்தின் விதிப்படி வங்கி அந்தக் கடையின் வங்கியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கும். இதற்குப் பொதுவாக நான்கு மாதம் வரை அவகாசம் இருந்தாலும், பில் வந்த மாதமே கேட்பது நல்லது. கடைக்கு அனுப்பிய மெசேஜ், பொருளின் படம், ஆர்டர் எண் மூன்றையும் வைத்திருங்கள். கேட்டால் உடனே கிடைத்துவிடும் என்று சொல்லமாட்டேன். கேட்க ஒரு இடம் இருக்கிறது என்பதே பெரிய வித்தியாசம். மச்சான் கட்டியது தனியார் ஒருவரின் சேமிப்புக் கணக்குக்கு. அவர் யாரிடம் போய்க் கேட்பார்?

இதில் நான் பிற்பாடு தெரிந்துகொண்ட ஒரு உபாயம் இருக்கிறது. ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ செயலியோடு இணைக்கலாம், 2022-லிருந்து இந்த வசதி உண்டு. அதில் வணிகர் கணக்குக்கு மட்டும்தான் பணம் போகும், தனிநபர் கணக்குக்குப் போகாது. ஆகவே ‘நாங்கள் பெரிய கடை’ என்று சொல்லும் ஆளின் க்யூஆரை அந்தக் கார்டில் ஸ்கேன் செய்து பாருங்கள். மறுத்துவிட்டால், எதிரில் இருப்பது கடையாகப் பதிவாகாத கணக்கு. நம்மூர் பலகாரக் கடை அக்காவும் சொந்தக் கணக்கில்தான் வாங்குவார், அவர் முகம் நமக்குத் தெரியும். முகம் தெரியாத பட்டுச் சேலைக்காரர் அப்படி வாங்கினால் அங்கேயே நிறுத்திவிடலாம். மச்சானிடம் அந்தக் கார்டு இருந்திருந்தால் அந்த 16,000 போயே இருக்காது.

இவ்வளவு புகழ்ந்துவிட்டதால் கிரெடிட் கார்டின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மாதச் சம்பளக்காரருக்குப் பொருந்துவது வருடத்தில் இரண்டு முறை வருமானம் வருகிறவருக்குப் பொருந்தாது. பில் மாதாமாதம் வரும், நெல் மாதாமாதம் விளையாது. ‘குறைந்தபட்சத் தொகை’ மட்டும் கட்டினால் மிச்சத்துக்குப் பல கார்டுகளில் மாதம் மூன்றரை சதவீதம் அளவில் வட்டி, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. கந்துவட்டிக்காரர் வாசலில் வந்து நின்று கேட்பார், இது சத்தமில்லாமல் ஏறும். எங்கள் ஆபீசுக்கு வருகிறவர்களில் மோசடியில் இழந்தவர்களைவிட இந்த வட்டியில் இழந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பில் முழுவதையும் கட்ட முடியாது என்று தோன்றினால் கார்டே வேண்டாம். வேண்டும்தான் என்றால், வைப்புத்தொகையின் பேரில் வங்கி கொடுக்கும் சின்ன வரம்புக் கார்டு ஒன்று போதும்.

கேஷ் ஆன் டெலிவரிதான் பாதுகாப்பு என்று எங்கள் அத்தை அடித்துச் சொல்வார். பாதி உண்மை. கார்டு எண் எங்கும் போகாது, கணக்கும் தப்பிக்கும். ஆனால் பெட்டியைப் பிரிக்கும் முன்னாலேயே பணம் கொடுக்க வேண்டியிருக்கும். உள்ளே செங்கல் இருந்தால் கொண்டுவந்த பையன் என்ன செய்வான்? அவன் வெறும் கூலிக்கு வருகிறவன். யாரும் ஆர்டர் செய்யாத பார்சல் வீட்டுக்கு வருவதும் உண்டு. எல்லோரும் வயலில் இருக்கும் நேரம் பேரன் பெயரைச் சொல்லி 799 ரூபாய் கேட்டால் பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்துவிடுவார். எங்கள் தெருவிலேயே நடந்தது இது. அத்தை வீட்டில் இப்போது காலண்டர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள், ‘சொல்லாமல் வரும் பார்சல் வாங்காதே’ என்று. பெரிய தளங்களில் போன் மாதிரிப் பொருளுக்கு, பெட்டியைப் பிரித்துக் காட்டிவிட்டு ஓடிபி கேட்கும் முறை உண்டு. அது இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள், பொருளைக் கண்ணால் பார்க்காமல் அந்த ஓடிபியைச் சொல்லாதீர்கள்.

நெட் பேங்கிங் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெரிய கணக்கின் சாவியைக் கடையில் வைத்துத் திறப்பது மாதிரி. வரி கட்டவும் கல்லூரிக் கட்டணம் கட்டவும் சரி.

பணம் போய்விட்டது என்று தெரிந்தபின் எங்கே ஓடுவது என்பதும் ஒரு தேர்வுதான், இதில்தான் மச்சான் முதலில் சறுக்கினார். வங்கிக் கிளை, காவல் நிலையம், சைபர் மோசடிக்கான உதவி எண் 1930 என்ற மூன்றில் அவர் முதலில் போனது கிளைக்கு. அன்று சனிக்கிழமை, அதுவும் இரண்டாவது சனி. பூட்டியிருந்தது. திங்கட்கிழமை போனபோதுதான் மேலே சொன்ன அந்தக் கேள்வி. 1930-க்கு அவர் கூப்பிட்டது அதற்கும் பிறகு. அந்த எண் செய்யும் வேலை என்னவென்றால், பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அந்த வங்கிக்குத் தகவல் கொடுத்து, அங்கே மிச்சமிருப்பதை நிறுத்தி வைப்பது. திருடன் அதை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருப்பான். இறைக்க இறைக்க வாய்க்கால் வற்றுவது மாதிரி, மணிக்கணக்கில் குறையும். எட்டு நாள் கழித்தும் 4,200 மிஞ்சியிருந்ததே அதிர்ஷ்டம். அப்படி நிறுத்திய பணத்தைக் கையில் வாங்க நீதிமன்ற உத்தரவு வரை போக வேண்டியிருந்தது.

ஆகவே வரிசை இதுதான். முதலில் செயலியில் கார்டையோ யுபிஐயையோ முடக்குங்கள். அடுத்த நிமிடமே 1930. அப்புறம் வங்கியின் எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் எண் வாங்குங்கள், தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யுங்கள். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போவதெல்லாம் இவற்றுக்குப் பிறகு. வங்கியின் எண்ணைக் கூகுளில் தேடவே கூடாது. போலி ‘கஸ்டமர் கேர்’ எண்கள் அங்கேதான் காத்திருக்கின்றன. கார்டின் பின்னால் பாருங்கள், அல்லது வங்கியின் தளத்தில். வங்கிகளின் தள முகவரி இப்போது ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும்படி மாற்றப்பட்டிருக்கிறது. வங்கி 30 நாளில் பதில் சொல்லவில்லை, அல்லது சொன்ன பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை, விசாரிக்க 14448. பொருள் சம்பந்தமான தகராறு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. 2019 நுகர்வோர் சட்டப்படி கடை டெல்லியில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. கடைக்காரர் யார், எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால்தான் இதெல்லாம். மச்சானிடம் இருந்தது ஒரு இன்ஸ்டாகிராம் பெயர் மட்டும்.

இவற்றையெல்லாம் பார்த்தபின் எங்கள் இரண்டு வீட்டிலும் ஏற்பாட்டை மாற்றினோம். நெல்லுப் பணம் விழும் கணக்கின் டெபிட் கார்டில் ஆன்லைன், வெளிநாடு இரண்டும் அணைத்து வைத்தாயிற்று. 2020 அக்டோபருக்குப் பின் வந்த கார்டுகளில் இந்த இரண்டும் அணைத்தே வரவேண்டும் என்பது விதி, கேட்டால்தான் திறக்கும். பழைய கார்டு வைத்திருப்பவர்கள் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் யுபிஐயும் கிடையாது. யுபிஐக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு, அதில் எப்போதும் மூவாயிரம் நாலாயிரத்துக்கு மேல் இருக்காது. நான் பெரிய பொருள் வாங்கினால் கிரெடிட் கார்டு, வெளிநாட்டு வசதி அணைத்து, வரம்பையும் செயலியில் குறைத்து. மச்சானுக்குக் கார்டு வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். பெரிய தளம் என்றால் அவர் கேஷ் ஆன் டெலிவரி, பெட்டியைப் பிரித்துப் பார்த்துத்தான்.

இத்தனைக்கும் பிறகு எந்த ஏற்பாடும் காப்பாற்றாத ஒன்று இருக்கிறது. வாட்ஸ்அப்பில் பிஎம் கிசான் பட்டியல், போக்குவரத்து அபராதம், கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்பு. அதைத் திறந்து நிறுவிவிட்டால் போனுக்கு வரும் ஓடிபியை அதுவே படித்து அனுப்பிவிடும். கிரெடிட், டெபிட், யுபிஐ எல்லாம் அதற்கு ஒன்றுதான். பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப்பாக வரும், நிறுவச் சொல்லாது. வீட்டில் எல்லாருடைய போனிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, வெளியிலிருந்து செயலி நிறுவும் அனுமதியை அணைத்துக் கொடுத்தேன். ஆறு போன், ஒரு மணி நேரம் ஆனது. அத்தை போனில் ஏற்கெனவே அப்படி இரண்டு இருந்தன.

கல்யாணச் சேலை என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னால் அக்காவும் மச்சானும் பஸ் ஏறித் திருபுவனம் போனார்கள். நான்கு வாங்கக் காசு இல்லை, இரண்டுதான் எடுத்தார்கள். பில் கட்டும்போது கடைக்காரர் க்யூஆர் அட்டையை நகர்த்தி வைத்தாராம். மச்சான் சட்டைப்பையிலிருந்து நோட்டை எண்ணிக் கொடுத்திருக்கிறார்.